வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்க்காதீர்கள்

மூன்று வருடமாக எனக்கு வயிற்று வலி. தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினால் முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி நிற்கும். அது நகர்வதற்குள் என் வயிறு இறுகிவிடும். ஸ்கேன், எண்டாஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே 'நார்மல்'. அதைக் கேட்டு நிம்மதி அடையாமல் இன்னும் பயந்துபோனவன் நான்.

நான் செய்த தவறுகளிலேயே மோசமானது, படுத்ததும் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது. தொப்புளுக்கு மேலே இரண்டு விரலை வைத்து அழுத்துவேன். வலிக்கும். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. ஒரே இடத்தை இருபது தடவை அமுக்கினால் நல்ல வயிறும்தான் வலிக்கும் என்று உறைக்க ஒரு வருடம் ஆனது. அங்கே ஏதோ துடிப்பது வேறு கைக்குத் தட்டுப்பட்டு, கட்டிதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அது மகாதமனி, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக் குழாய், ஒல்லியான உடம்பில் இப்படித் தெரிவது சகஜம் என்று டாக்டர் சொன்னார்.

"ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னால், வலி பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குடல் சுவரில் மட்டும் பத்து கோடிக்கு மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவை. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, அடிவயிறு கலங்குகிறது என்று நாம் சும்மாவா சொல்கிறோம்? சிலருக்கு அந்த நரம்புகள் கூடுதலாக உணர ஆரம்பித்துவிடும். மற்றவர்களுக்குச் சாதாரண வாயுவாகத் தெரிவது அவர்களுக்கு வலி. வலி வந்தால் பயம், பயந்தால் குடல் இன்னும் இறுகும். ஸ்கேனில் இது தெரியாது. அதனால் லேப் மாற்றி லேப் மாற்றி எடுப்பதில் பயனில்லை. புது ரிப்போர்ட் தரும் நிம்மதி எனக்கு நாலு நாள்கூடத் தாங்கியதில்லை.

அப்புறம் சாப்பாடு. முதலில் மிளகாயை நிறுத்தினேன், பிறகு மீன் குழம்பை, பிறகு பாலை. காசிமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு ரசஞ்சோறு மட்டும்! ஆறு கிலோ குறைந்தது. எடை குறைகிறதே, புற்றுநோயாக இருக்குமோ என்று அதற்கும் தூக்கம் போனது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை நிறுத்தி, இரண்டு வாரம் பார்த்து, மாற்றம் இல்லையென்றால் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தானாக மருந்துக் கடைக்குப் போய் வலி மாத்திரை கேட்பது இன்னொன்று. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. "டென்ஷன் ஆனா அல்சர் வரும்ப்பா" என்று வீட்டுக்கு வீடு ஒரு பெரியம்மா சொல்வார். அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இந்த மாத்திரைகளும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும்தான். அதைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசோதனையில் அந்தக் கிருமி தெரிந்தால் மருந்து உண்டு. வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கப் போவதை விட்டுவிடுங்கள்.

சரி, எல்லாமே பயம்தான் என்று தள்ளிவிடுவது இதைவிடப் பெரிய தவறு. மலம் கறுப்பாகவோ ரத்தத்தோடோ போனால், காரணமில்லாமல் எடை குறைந்தால், விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, காய்ச்சல், ரத்தசோகை இருந்தால், தூக்கத்திலிருந்து வலி எழுப்பினால், ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாக வலி தொடங்கினால், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மேல் வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் கேஸ் என்று சொல்லி இஞ்சி சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். உடனே 108.

டாக்டர் எனக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் எழுதியபோது, மனச்சோர்வு மாத்திரை என்று தெரிந்து ஒரு மாதம் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். "எனக்கென்ன பைத்தியமா?" குடல் நரம்பு வலிக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் வயிற்றுக்குக் காட்டுபவர்கள் அங்கேயே மனநலப் பிரிவிலும் கேட்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கூகுளைத் திறப்பதற்குப் பதில் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழில் பேசலாம்.

வலி முழுசாகப் போகட்டும், அப்புறம் வெளியே போகலாம் என்று காத்திருந்ததில் சித்தி மகன் கல்யாணத்தையே விட்டுவிட்டேன். போன பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைப் பார்க்கத் திருவொற்றியூர் கிளம்பினேன். அதே ஷேர் ஆட்டோ, அதே லாரி. நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். டோல்கேட்டில் வலி வந்தது. இறங்கவில்லை.