தலைவலிக் கூட்டு மாத்திரை: எத்தனை, எப்போது, எதோடு சேர்க்கக்கூடாது

"தலையைச் சுத்தி கயிறு கட்டி இறுக்குனமாதிரி வலிக்குது, கழுத்தும் பிடிச்சிருக்கு" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட், பஹாவ் போன்ற தோட்டப்புற ஊர்களின் கிளினிக்குகளில் சொன்னால், பல நேரம் கையில் வருவது அனாரெக்ஸ் அல்லது நோர்ஜெசிக் வகை மாத்திரைதான். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கிறது: பாரசிட்டமோல் 450 மில்லிகிராம், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் ஓர்ஃபெனட்ரின் 35 மில்லிகிராம். அட்டையில் பெரிதாக உள்ள பெயரை மட்டும் பார்த்தால் உள்ளே பாரசிட்டமோல் இருப்பது தெரியாது. தவறு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாரசிட்டமோல் கணக்கு

உடல்நலமுள்ள பெரியவருக்கு 24 மணி நேரத்தில் பாரசிட்டமோல் 4000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மருத்துவர் 2 மாத்திரை, 3 வேளை என்று எழுதியிருந்தால் நாளுக்கு 6 மாத்திரை. அதிலேயே 2700 மில்லிகிராம் போய்விட்டது. வலி அடங்கவில்லை என்று வீட்டிலிருக்கும் 500 மில்லிகிராம் பனடோலையும் (அதுவும் பாரசிட்டமோல்தான்) வேளைக்கு 2 வீதம் 3 வேளை போட்டால் இன்னும் 3000 சேர்ந்து 5700 ஆகிறது. இது கல்லீரலைக் கெடுக்கும் அளவு. சளிக்காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும், பனடோல் எக்ஸ்ட்ராவிலும் பாரசிட்டமோல் உண்டு. ஆகவே கூட்டு மாத்திரை போடும் நாளில் பனடோலைத் தொடாதீர்கள். வேளைக்கும் வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரமாவது, முடிந்தால் 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சம்சு சாராயமோ கள்ளோ தினமும் குடிப்பவர், கல்லீரல் நோயுள்ளவர், 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்த உடம்புக்காரர் ஆகியோருக்கு 4000 என்ற வரம்பு பொருந்தாது. குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அளவைக் குறைத்துத் தர அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

உறையில் எழுதியிருப்பது

மருந்து உறை மலாயில் இருக்கும். "3 காலி செஹாரி" என்றால் நாளுக்கு 3 வேளை. "செலெப்பாஸ் மாக்கான்" என்றால் சாப்பிட்ட பிறகு. "பிலா பெர்லு" என்று இருந்தால் வலி வரும்போது மட்டும். வலியில்லாத நாளில் உறையைக் காலி செய்வதற்காகப் போட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்கோ பார்மசிக்கோ எடுத்துப் போங்கள். வாயால் சொன்னால் எதையாவது மறந்துவிடுவோம், பை மறக்காது.

ஓர்ஃபெனட்ரின் செய்யும் வேலை

தூக்கம் வரும், வாய் வறளும், பார்வை மங்கலாம், மலம் இறுகலாம். முதல் மாத்திரையை வேலைக்குப் போகும் காலையில் போடாதீர்கள். வீட்டிலிருக்கும் இரவில் போட்டு உடம்பு எப்படி ஏற்கிறது என்று பாருங்கள். மயக்கம் தெரிந்தால் மோட்டார், லோரி ஓட்டுவதும், நீளக் கம்பு பிடித்துச் செம்பனைக் குலை வெட்டுவதும் வேண்டாம். இந்த மருந்து வியர்வையையும் குறைக்கும். வெயிலில் வேலை செய்பவரின் உடல் சூட்டை ஆற்றுவது வியர்வைதான் என்பதால், உச்சி வெயில் வேலைக்கு முன் இதைத் தவிர்ப்பது நல்லது.

கண்ணழுத்த நோய், புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைபடுதல், மையாஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச்சோர்வு நோய் உள்ளவருக்கு இது ஆகாது. பல வயதான ஆண்கள் இரவில் சிறுநீர் முக்கிப் போவதை வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. மாத்திரை போட்ட பிறகு சிறுநீர் அறவே அடைத்துக்கொண்டால் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதாகிவிடும், அதனால் முன்பே சொல்லிவிடுங்கள். சளிக்குத் தரும் பிரிட்டோன், தலைவலி வராமலிருக்க இரவில் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவற்றோடு சேர்ந்தால் தூக்கமும் வறட்சியும் கூடும். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் சாப்பிடுபவர் பாரசிட்டமோலைத் தொடர்ந்து போட்டால் இரத்தம் உறைவது இன்னும் தாமதமாகலாம், இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனைக்குப் போகும்போது சொல்லுங்கள்.

மாத்திரை போடும் முன்

இறுக்கத் தலைவலி பெரும்பாலும் இரு பக்கமும் அழுத்தும், படியேறினாலும் வலி அதிகமாகாது. ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறித்து வாந்தி வந்தால் அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம், மருந்தும் வேறு. காய்ச்சலோடு வலித்தால் டெங்கியையும் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸையும் நினைத்து இரத்தம் சோதியுங்கள். அதுவரை ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், போன்ஸ்தான் தொடாதீர்கள், இரத்தக்கசிவைக் கூட்டும். தோட்டத்தில் பூச்சிமருந்தடித்துவிட்டு வந்தவருக்குத் தலைவலியோடு எச்சில் ஒழுகி, வியர்த்துக் கொட்டி, கண்மணி சுருங்கினால் பூச்சிமருந்து நஞ்சாக இருக்கலாம். மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காமல், அந்தப் போத்தலின் லேபிளோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இடி விழுந்தாற்போன்ற திடீர் வலி, வாய் கோணுதல், கை தளர்தல், கழுத்து விறைத்தல் இருந்தால் உடனே அவசர எண் 999ஐ அழையுங்கள்.

நாள் கணக்கு

மாத்திரை எண்ணிக்கையைப் போலவே நாள்களையும் எண்ண வேண்டும். கூட்டு வலிநிவாரணியை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், அந்த மாத்திரையே தினத் தலைவலியை உண்டாக்கிவிடும். தனிப் பாரசிட்டமோலுக்கு இந்த எல்லை 15 நாள். வாரத்துக்கு 2 நாளோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. சுவர் நாள்காட்டியில் மாத்திரை போட்ட தேதியை வட்டமிடுங்கள். மாதக் கடைசியில் வட்டம் 8ஐத் தாண்டினால் அந்தத் தாளோடு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதாரக் கிளினிக்) போங்கள். மாத்திரையை நிறுத்தியதும் சில நாள் வலி கூடிப் பிறகுதான் குறையும். பலர் அந்தச் சில நாளில் பயந்து மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். கோடெயின் என்ற, பழக்கமாகிவிடக்கூடிய வலிமருந்து கலந்த மாத்திரையாக இருந்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவர் சொற்படி குறையுங்கள்.

அளவு மீறிவிட்டால்

உடம்பு நன்றாயிருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். பாரசிட்டமோல் நஞ்சு முதல் 24 மணி நேரம் ஒன்றும் காட்டாமலே இருக்கலாம். நஞ்சை முறிக்கும் மருந்தான அசெட்டில்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் ஏறினால்தான் கல்லீரலை நன்றாகக் காக்கும். காலி அட்டையையும், போட்ட நேரத்தையும் குறித்து எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.