‘தேவனுடைய குமாரன்’: லயத்து ஜெபக்கூட்டத்தில் இதை எப்படிப் படிப்பது

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை பக்கம் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கிற விசுவாசிகளிடம் அடுத்த வீட்டு அக்கா என்றைக்காவது கேட்பார்: கடவுளுக்கு எப்படிப் பிள்ளை, முருகன் சிவனுக்குப் பிள்ளை மாதிரியா? நல்ல மனதோடு கேட்கிற கேள்வி இது. யோவான் 3:16ஐ மட்டும் ஒப்பித்துவிட்டு நகராதீர்கள், வேதம் அதற்கு நிறையவே பதில் சொல்கிறது.

மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவர்கள், விடிந்தால் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) போகவேண்டியவர்கள், அதனால் ஒரு கூட்டத்துக்கு அரை மணி நேரம், ஒரு பகுதி, அவ்வளவு போதும். ஒவ்வொரு இடத்திலும் இயேசுவைக் குமாரன் என்று சொல்வது யார் என்று மட்டும் கேளுங்கள். 1:11இல் வானத்துச் சத்தம், 3:11இல் அசுத்த ஆவிகள், 9:7இல் மேகத்திலிருந்து மறுபடியும் பிதா. பேதுரு 8:29இல் கிறிஸ்து என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். 14:61இல் பிரதான ஆசாரியர் நேராகவே கேட்கிறார், இயேசு ‘நான் அவர்தான்’ என்கிறார், அதற்காகவே மரணத்துக்குப் பாத்திரன் என்று தீர்ப்பாகிறது. அப்புறம் 15:39: மாற்கு சுவிசேஷத்தில் இதை அறிக்கையிடுகிற முதல் மனுஷன் சிலுவைக்கு எதிரே நின்ற ரோம நூற்றுக்கு அதிபதி, அதுவும் ஒரு அற்புதத்தைப் பார்த்து அல்ல, இயேசு ஜீவனை விட்ட விதத்தைப் பார்த்து! இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லோரையும் பேசவிடுங்கள்.

‘நாம எல்லாருமே கடவுளுடைய பிள்ளைகள்தானே’ என்று ஒருவர் சொல்வார். சரிதான், யாத்திராகமம் 4:22இல் இஸ்ரவேலே தேவனுடைய குமாரன், 2 சாமுவேல் 7:14இல் தாவீதின் வம்சத்து ராஜா, யோபு 1:6இல் தேவபுத்திரர்கூட உண்டு. ஆனால் யோவான் 5:18ஐத் திறந்தால், இயேசு தேவனைத் தம்முடைய சொந்தப் பிதா என்று சொன்னதும், தம்மைத் தேவனுக்குச் சமமாக்குகிறார் என்று யூதத் தலைவர்கள் அவரைக் கொலைசெய்யவே தேடுகிறார்கள், சாதாரணமாகச் சொல்லியிருந்தால் அவ்வளவு கோபம் எதற்கு? நம்முடைய பிள்ளைத்தனம் கலாத்தியர் 4:4-6இல் இருக்கிறது, அந்தக் குமாரன் வந்ததால் நமக்குக் கிடைத்த புத்திர சுவிகாரம், அதாவது தத்துப்பிள்ளைகளாகச் சேர்க்கப்படுவது அது.

அக்காவின் கேள்விக்கு லூக்கா 1:35ஐயும் யோவான் 1:1-3ஐயும் சேர்த்து வாசியுங்கள். மரியாளிடத்தில் பிறந்தது பரிசுத்த ஆவியால், கணவன் மனைவி உறவால் அல்ல. பிறப்பதற்கு முன்பே, உலகம் உண்டாகும் முன்பே அவர் பிதாவோடு இருந்தார், சகலமும் அவர் மூலமாய் உண்டானது. முருகனைக் குறைத்துப் பேச ஒரு தேவையும் இல்லை, அப்படிப் பேசினால் அக்கா அடுத்த வாரம் வரமாட்டார்.

மாற்கு 13:32ஐ ஒளிக்காதீர்கள். அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று அவரே சொல்கிறார். சமமானவர் என்றால் இது எப்படி என்று இளைஞர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். கி.பி. 325இல் நிசேயா நகரத்தில் சபைத் தலைவர்கள் கூடியபோதும் குமாரன் படைக்கப்பட்டவரா, பிதாவின் அதே தன்மை உள்ளவரா என்பதுதான் பெரிய வழக்கு. பிலிப்பியர் 2:6-8ஐ எடுத்து, அவர் தம்மைத்தாமே வெறுமையாக்கினதை வரி வரியாக வாசியுங்கள், அதற்குத் தனியாக ஒரு கூட்டமே ஒதுக்கலாம்.