பார்சல் வரவில்லையா? டிராக்கிங் நின்றுவிட்டால் செய்யக்கூடாத தவறுகள்

தீபாவளித் தள்ளுபடி முடிந்த கையோடு ஆண்டுதோறும் அதே கேள்விகள் வரும். "நாலு நாளா ஒரே இடத்துல நிக்குது, தொலைஞ்சு போச்சா?" "டெலிவர்டுன்னு காட்டுது, கையில வரல." "வீட்லதான் இருந்தேன், ஆள் இல்லைன்னு போட்டுட்டாங்க." முகவரியைச் சரியாக எழுதுங்கள், போனை எடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள் வேறு.

எங்கே நின்றது என்று பார்க்காமல் பதறுவது

டிராக்கிங் மூன்று இடங்களில் நிற்கும். மூன்றுக்கும் கேட்க வேண்டிய ஆள் வேறு.

"லேபிள் கிரியேட்டட்", "மேனிஃபெஸ்டட்" என்ற வரியில் நின்றால் பார்சல் இன்னும் செல்லரிடமே இருக்கிறது. ஸ்டிக்கர் அச்சடித்ததோடு சரி, கூரியர்காரர் கைக்கு வரவில்லை. கூரியர் கம்பெனியைக் கூப்பிட்டால் அவர்களிடம் சொல்ல எதுவும் இருக்காது. செல்லரைக் கேளுங்கள். இரண்டு மூன்று நாள் நகரவில்லை என்றால் ரத்து செய்துவிட்டு வேறு இடத்தில் வாங்குவது உத்தமம். இந்தக் கட்டத்தில் ரத்து செய்தால் பணம் சிக்கலின்றித் திரும்பும். அனுப்பிய பிறகு ரத்து செய்தால், பெரும்பாலும் பொருள் செல்லரிடம் திரும்பிச் சேரும் வரை ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

நடுவழியில் நின்றால் அநேகமாக எதுவும் தப்பாகவில்லை. ஒரே ஊருக்குப் போகும் பார்சல்களைப் பெரிய பையில் போட்டு சீல் வைத்துவிடுவார்கள். வழியில் ஸ்கேன் ஆவது பைதான், உள்ளே இருக்கும் உங்கள் பெட்டி அல்ல. சென்னைப் பக்கத்து சார்ட்டிங் சென்டரில் பையைப் பிரிக்கும்போதுதான் அடுத்த வரி வரும். டெல்லியிலிருந்து இங்கே ஏறத்தாழ 2,200 கி.மீ.; லாரியில் நாலைந்து நாள் மௌனம் சாதாரணம். பவர் பேங்க், பெர்ஃப்யூம், நெயில் பாலிஷ் போன்றவற்றை விமானத்தில் ஏற்றக் கட்டுப்பாடு இருப்பதால், அதிகப் பணம் கட்டியிருந்தாலும் அவை பெரும்பாலும் தரைவழியாகவே வரும். ஏழு நாள் தாண்டியும் அதே வரி என்றால் அப்போது புகார் போடுங்கள்.

மழைக்காலக் கணக்கு தனி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் தண்ணீர் வடியவே பல நாள் ஆனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்கும் விமான நிலையத்தை மூடினார்கள். அப்படிப்பட்ட வாரங்களில் தண்ணீர் வடிந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

மூன்றாவது, உங்கள் ஏரியா ஹப்புக்கு, அதாவது வீடுகளுக்குப் பெட்டிகளைப் பிரித்து அனுப்பும் கூரியர் கிளைக்கு, வந்த பிறகு நிற்பது. இதில்தான் உடனே இறங்க வேண்டும். "அவுட் ஃபார் டெலிவரி" வராமல் இரண்டு நாள் கிடந்தால் பின்கோடைச் சரிபாருங்கள். அண்ணா நகர் 600040, கிழக்கு 600102, மேற்கு விரிவு 600101. ஒரே பெயரில் மூன்று பின்கோடு. தெருவின் பெயர் சரியாக இருந்தாலும் மிஷின் பின்கோடைப் பார்த்துத்தான் பிரிக்கிறது. வேறு ஹப்புக்குப் போன பெட்டி தானாக உங்கள் ஹப்புக்கு வராது. யாராவது கேட்டால்தான் நகரும்.

"ஆள் இல்லை" என்ற பொய்ப் பதிவை அப்படியே விட்டுவிடுவது

இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஒன்றில் இத்தனை பேர் பணமும் பொருளும் இழப்பதைப் பார்க்க இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

மடிப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட். பாதி விலைக்குக் கிடைத்த மிக்ஸிக்காக வீட்டம்மா நாள் முழுக்கக் காத்திருக்கிறார். ராத்திரி எட்டரைக்கு மெசேஜ்: "கஸ்டமர் நாட் அவைலபிள்." காலிங் பெல் அடிக்கவில்லை, போனும் வரவில்லை. "சரி, நாளைக்கு வந்துடும்" என்று விட்டுவிடுகிறார். மறுநாள் அதே மெசேஜ். மூன்றாம் நாள் "ஆர்டிஓ இனிஷியேட்டட்", அதாவது பெட்டி அனுப்பியவருக்கே திரும்பப் புறப்பட்டுவிட்டது. பணம் வர இரண்டு வாரம். அதற்குள் தள்ளுபடி முடிந்து, அதே மிக்ஸி முழு விலைக்கு நிற்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு டெலிவரி ஊழியருக்குக் காலையில் ஏற்றிவிடும் பெட்டிகள் அன்றைக்கு முடிக்கக்கூடியதைவிட அதிகம். ராத்திரி ஹப்புக்குத் திரும்பும்போது மீந்த ஒவ்வொரு பெட்டிக்கும் ஆப்பில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். "நேரம் போதவில்லை" என்று போட்டால் கேள்வி அவர் மேல் வரும். அதனால் "ஆள் இல்லை", "போன் எடுக்கவில்லை", "முகவரி முழுமையாக இல்லை", "வேறு நாள் கேட்டார்" என்பதில் ஒன்று விழுகிறது. அந்த ஊழியரைத் திட்டுவதில் பயனில்லை. பதிவை மாற்றுவதுதான் வேலை. பெரும்பாலான கூரியர்களில் மூன்று முயற்சிதான். பொய் முயற்சியும் அந்தக் கணக்கில் ஏறும். திரும்பப் புறப்பட்ட பெட்டியை நிறுத்துவது ஏறக்குறைய முடியாத காரியம்.

முதல் பொய்ப் பதிவு வந்த அன்று ராத்திரியே இதைச் செய்யுங்கள்.

முதலில் உங்கள் போனைப் பாருங்கள். தெரியாத எண்களை ட்ரூகாலர் தடுத்திருக்கலாம். பிளாக் பட்டியலில் அழைப்பு கிடந்தால் பதிவு பொய் அல்ல. பிளாக்கை எடுத்துவிட்டு நாளைக்குக் கேட்டால் போதும்.

அழைப்பே வரவில்லை என்றால் டிராக்கிங் பக்கத்தையும் அன்றைய கால் லாகையும் நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அபார்ட்மெண்ட் என்றால் கேட்டில் இருக்கும் பதிவேட்டையோ செக்யூரிட்டி ஆப்பையோ பாருங்கள். அன்றைக்கு அந்தக் கூரியரின் வரவே இல்லை என்பது கையில் இருக்கும் நல்ல சாட்சி.

பிறகு வாங்கிய தளத்தின் சாட்டில் எழுதுங்கள். புலம்பல் வேண்டாம், நாலு வரி போதும்: ஏடபிள்யூபி எண் (பார்சலின் டிராக்கிங் எண்), "இன்று யாரும் வரவில்லை, அழைக்கவும் இல்லை", "நாளை மீண்டும் டெலிவரி முயற்சி வேண்டும்", கூடவே இன்னொரு போன் எண்ணும் லேண்ட்மார்க்கும். புகார் எண் வாங்காமல் சாட்டை மூடாதீர்கள். தளத்தின் ஆப்பிலோ கூரியரின் சொந்த டிராக்கிங் பக்கத்திலோ மறுமுயற்சி கேட்கும் வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். ஹப்பில் காலையில்தான் பெட்டிகளைப் பிரித்து வண்டியில் ஏற்றுவார்கள். அதற்கு முன் உங்கள் கோரிக்கை சிஸ்டத்தில் ஏறியிருக்க வேண்டும். மதியம் போட்ட புகார் அன்றைக்கு உதவாது.

இரண்டாம் நாளும் அதே கதை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள். எந்த ஹப் என்று கேட்டு, நேரில் வாங்க அனுமதி உண்டா என்று உறுதி செய்துகொண்டு அடையாள அட்டையோடு போங்கள். காலை ஒன்பதுக்குள், அல்லது ராத்திரி வண்டிகள் திரும்பிய பிறகு. நடுப்பகலில் போனால் பெட்டி வண்டியில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன் ஆர்டர் போடுவது

வேண்டாம். பூட்டிய வீட்டுக்கு மூன்று முயற்சி முடிந்து, நீங்கள் கோயம்பேடோ கிளாம்பாக்கமோ வந்து இறங்கும்போது பெட்டி திரும்பிப் போயிருக்கும்.

கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடுவது

தாமதத்தில் தவிப்பவர்களைக் குறிவைத்தே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். "முகவரி முழுமையாக இல்லை, லிங்க்கில் புதுப்பிக்கவும், சிறு கட்டணம் கட்டவும்" என்று இந்திய அஞ்சல் துறை பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸும் மோசடி. கூரியர் ஆள் என்று சொல்லி *401* அல்லது *21* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னால் உடனே போனை வையுங்கள். அது உங்கள் அழைப்புகளை அவர்கள் போனுக்குத் திருப்பும் வேலை. ஓடிபி அழைப்பும் அங்கே போகும். டயல் செய்துவிட்டிருந்தால் ##002# போட்டு ரத்து செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பெட்டி கைக்கு வருமுன் ஓடிபி சொல்வது

சொல்லவே கூடாது.

இன்ஸ்டாகிராம் கடை தரும் டிராக்கிங் எண்ணை அப்படியே நம்புவது

புடவை, நகை விற்கும் பக்கங்களில் நல்லவர்கள் நிறைய. ஏமாற்றுபவர்கள் கையாளும் வழி ஒன்றுதான்: சென்னையிலேயே வேறு யாருக்கோ போகும் உண்மையான பார்சலின் எண்ணை உங்களுக்குத் தருவது. சில நாளில் "டெலிவர்ட், சென்னை" என்று காட்டும், நீங்கள் வாயடைத்துப் போவீர்கள். எண் கிடைத்த அன்றே சேரும் பின்கோடும் புறப்பட்ட ஊரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்பீடு போஸ்ட் எண் என்றால் 13 இடம்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் IN. கார்டில் கட்டியிருந்தால் பொருள் வரவில்லை என்று வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்க வழியுண்டு. நேரடி யுபிஐயில் அந்தப் பிடி இல்லை. முதல்முறை வாங்கும் கடைக்கு யுபிஐயில் பெரிய தொகை அனுப்பாதீர்கள்.

"டெலிவர்ட்" என்று காட்டியதும் நாள் கடத்துவது

வாட்ச்மேன், பக்கத்து வீடு, மாடிப்படி ஷூ ரேக் எல்லாம் பார்த்துவிட்டு அன்றே புகார் போடுங்கள். "டெலிவரி ஆதாரம் காட்டுங்கள்" என்று கேளுங்கள்: கையெழுத்தா, போட்டோவா, ஓடிபியா, எந்த இடத்தில் ஸ்கேன் ஆனது? வேறொரு வீட்டுக் கதவின் போட்டோ வந்தால் உங்கள் கேஸ் பாதி முடிந்த மாதிரி.

சாட்டில் "மன்னிக்கவும்" கேட்டதோடு ஓய்ந்துவிடுவது

2020 இ-காமர்ஸ் விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரது பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெரும்பாலும் தளத்தின் அடிப்பகுதியில் அந்த விவரம் இருக்கும். சாட் எண், ஸ்க்ரீன்ஷாட், தேதி வரிசை எல்லாம் சேர்த்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செல்லர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.