'கார்பிள்': மிளகு விலையையே கவிழ்க்கும் வினைச்சொல்

ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். சேலத்தில் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், ஏற்காட்டுத் தோட்டக் காகிதங்களில் 'கார்பிள்' (garble) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும், நாங்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த இடத்திலேயே விழுகிறார்கள். எழுத்துப்பிழையெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

அகராதியின் முதல் பொருளோடு நிற்பது

'குளறுபடி செய்தல், திரித்தல்' என்றுதான் அகராதி தொடங்கும். ஆனால் சொல்லின் வேர் அரபு மொழியில், சலிப்பதைக் குறிப்பது. வாசனைப்பொருள் வியாபாரத்தோடு ஐரோப்பாவுக்குப் போனது. லண்டனில் மிளகு, கிராம்பைச் சலித்துச் சோதிக்கத் தனி அதிகாரியே இருந்தார். ஒருவர் பேச்சில் வேண்டியதை மட்டும் பொறுக்கித் திரித்துச் சொல்வது என்ற பொருள் பின்னால் வந்தது. மிளகு, காபி வியாபாரத்தில் பழைய பொருள் இன்னும் நிற்கிறது.

'அன்' ஒட்டினால் நல்ல சரக்கு என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நாகலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு வந்த விலைக் கடிதத்தில் 'கார்பிள்டு' மிளகுக்கு ஒரு விலை, 'அன்கார்பிள்டு' மிளகுக்கு அதைவிடக் குறைந்த விலை. தமிழாக்கிய பையன் முதலாவதைச் 'சேதமான மிளகு' என்றும், இரண்டாவதைக் 'கலப்படமில்லாத மிளகு' என்றும் எழுதிவிட்டான். "ஏனுங்க தம்பி, சேதமானதுக்கா வெலை கூட?" என்று அவர் கேட்டிருக்கிறார். "எண்ணெய் எடுக்க வாங்குவாங்களா இருக்கும்ங்க" என்று இவன் சமாளித்திருக்கிறான். காம்பு, தூசி, உள்ளீடில்லாத மணி எல்லாம் போகப் புடைத்துப் பொறுக்கி வைத்திருந்த மனிதர், 'கலப்படமில்லாத' வரிக்குச் சம்மதம் சொல்லி, சுத்தம் செய்யாத மிளகின் விலைக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டார். சொல் தெரியாதது பெரிய குற்றமில்லை. விலை தலைகீழாக இருப்பதைப் பார்த்த பிறகும் யாரிடமும் கேட்காமல் ஒரு காரணம் ஜோடித்தான் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அக்மார்க் தரப் பெயர்களிலேயே 'மலபார் கார்பிள்டு' என்று உண்டு. அது சுத்தம் செய்த மிளகு.

கிரேடிங்கோடு குழப்புவது

காபியில் கிரேடிங் என்றால் சல்லடையில் அளவு பார்த்துப் பிரிப்பது. கார்பிளிங் என்றால் கறுத்தது, உடைந்தது போன்ற குறையுள்ள கொட்டைகளைப் பொறுக்கி எறிவது. கையாலும் செய்வார்கள், நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரத்தாலும் செய்வார்கள்.

கார்பேஜ் என்று வாசிப்பது

கண்ணாடியை மாற்றுங்கள்.

புதுப் பொருள் தெரிந்ததும் எங்கும் அதையே போடுவது

போனில் வந்த தகவல் 'கார்பிள்' ஆகிவிட்டது என்று கடிதத்தில் இருந்தால், அது குளறுபடியான தகவல்தான். அதைப் 'புடைத்தெடுத்த தகவல்' என்று எழுதிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.