நாயின் மூட்டுவலிக்குச் சிப்பித் தூள்: டப்பாவைப் படிப்பது முதல் பலனை அளப்பது வரை

எங்கள் வீட்டு லாப்ரடார் முத்துவுக்கு இடுப்பு மூட்டில் தேய்மானம். வலிமாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க வேறு ஏதாவது உண்டா என்று தேடியபோதுதான் சிப்பி, இறால் ஓடு, நண்டு ஓடு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் துணை உணவுகளைப் பற்றி ஊன்றிப் படித்தேன். கடையில் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் தலை சுற்றும். முதல் முறையாக வாங்குகிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: நொண்டலுக்குக் காரணம் தெரிய வேண்டும்

நொண்டுகிற நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் இருப்பதில்லை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலாலும் மூட்டு வீங்கும், நாய் நொண்டும். அதற்குச் சிப்பித் தூள் கொடுத்துக் காத்திருந்தால் நோய் முற்றிவிடும். முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தாலும் இதே கதைதான். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்து, மருத்துவர் தேய்மானம்தான் என்று உறுதி செய்த பிறகே அடுத்த படிக்கு வாருங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். நாயின் உயிரையே பறிக்கக்கூடியவை இவை.

படி 2: ஓடா, சதையா?

கடலிலிருந்து வரும் இந்தத் துணை உணவுகள் இரண்டு வகை. முதலாவது குளுக்கோசமைன். இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டின் என்ற பொருளை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிச் சிதைத்து இதை எடுக்கிறார்கள். இரண்டாவது, நியூசிலாந்தின் பச்சை உதட்டுச் சிப்பி. லேபிளில் 'கிரீன் லிப்டு மஸல்' என்றோ, 'பெர்னா கனாலிகுலஸ்' என்றோ இருக்கும். அங்கே மார்ல்பரோ பகுதியில், நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடல்நீரில் கயிறுகளைத் தொங்கவிட்டு இதை வளர்க்கிறார்கள். முழுச் சதையையும் உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கினால் அதுவே சிப்பித் தூள். ஒமேகா 3 கொழுப்புகளும் அதில் இருக்கின்றன.

என் தேர்வு சிப்பித் தூள்தான். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களை வைத்து பின்லாந்தில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வெற்று மருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும், மருந்தில்லாத போலி மாத்திரை) பெற்ற நாய்களைவிடச் சிப்பி பெற்ற நாய்கள் தேறின. ஆனால் கார்ப்ரோஃபென் என்ற வலிமருந்து அதைவிட நன்றாக வேலை செய்தது. சிப்பியைப் பற்றிய எல்லா ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளுக்கோசமைனின் நிலை இன்னும் மோசம். 2022-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு ஒமேகா 3 வலியைக் குறைப்பதாகவும், குளுக்கோசமைனும், அதனோடு சேர்த்து விற்கும் காண்ட்ராய்ட்டினும் வலிக்குப் பயன்படவில்லை என்றும் முடிவு சொன்னது. ஆகவே டப்பாவில் பெரிய எழுத்தில் குளுக்கோசமைன் என்று இருப்பதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம்.

சமையலில் மிஞ்சும் இறால் ஓட்டைக் காயவைத்து அரைத்துப் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அமிலத் தொட்டியில் நடப்பது நாயின் வயிற்றில் நடக்காது. ஓட்டின் கூர்முனைகளால் தொல்லைதான் மிஞ்சும். கன்னியாகுமரிப் பக்கத்திலும் கேரளத்திலும் கிடைக்கும் சிப்பிகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் வேறு இனங்கள். மேலே சொன்ன ஆய்வு நியூசிலாந்து இனத்தை வைத்துச் செய்தது.

படி 3: லேபிளைப் படிப்பது

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

டப்பாவின் முன்பக்கத்தில் '50,000 மில்லிகிராம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'ஒரு கிலோவுக்கு' என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு கிலோ மாத்திரையில் 50,000 மில்லிகிராம் என்றால் ஒரு கிராமில் 50 மில்லிகிராம். மாத்திரையின் எடை 2 கிராம் என்றால், அதில் இருக்கும் சிப்பி வெறும் 100 மில்லிகிராம். மீதி எல்லாம் மாவு, சுவையூட்டி, ஈஸ்ட். சில டப்பாக்களில் அளவு 'ஒரு வேளைக்கு' என்று இருக்கும். அந்த ஒரு வேளை என்பது மூன்று மாத்திரையாக இருக்கலாம். எந்தக் கணக்கில் எழுதியிருந்தாலும், ஒரு மாத்திரையில் அல்லது ஒரு கிராம் தூளில் எத்தனை மில்லிகிராம் சிப்பி என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் இரண்டு டப்பாக்களின் விலையை ஒப்பிட முடியும். 'கலவை' என்று மொத்தமாக ஒரு எண்ணை மட்டும் போட்டு, சிப்பி எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை நான் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன்.

மனிதர்களுக்கான மூட்டு மாத்திரைகளை வாங்கவே வாங்காதீர்கள். சர்க்கரை இல்லாதவை என்று விற்கும் சிலவற்றில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். வைட்டமின் டி சேர்த்தவையும் உண்டு. அளவு மிஞ்சினால் அதுவும் நஞ்சு.

சிப்பி மட்டுமே உள்ள தூள் கிடைத்தால் அதுதான் சிறந்தது. பத்துப் பொருள் கலந்த மாத்திரையில் வயிறு கெட்டால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. டப்பாவைத் திறந்ததும் கருவாட்டு வாசனை வரும், அது சரிதான். நிறம் பழுப்பும் பச்சையும் கலந்திருக்கும். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை வந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

படி 4: எடை, அளவு

முதலில் நாயின் எடை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, முதல் எண்ணிலிருந்து இதைக் கழியுங்கள். தூக்க முடியாத நாய்க்கு மருத்துவமனைத் தராசுதான். நாய் குண்டாக இருந்தால் எந்தத் தூளையும்விட எடைக் குறைப்பே முதல் மருந்து. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்களுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாக வந்தது. இடைநிலை ஆயுளும், அதாவது பாதி நாய்கள் எட்டிய வயதும், 11.2 ஆண்டுகளிலிருந்து 13 ஆண்டுகளாகக் கூடியது. தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் வைக்கும் தாத்தா பாட்டிகளிடம் இதைச் சொல்லுங்கள்.

உதாரணமாக, லேபிளில் உடல் எடை கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று இருந்தால், 30 கிலோ நாய்க்கு 450 மில்லிகிராம், அதாவது 0.45 கிராம். டப்பாவோடு வரும் கரண்டியை நான் நம்புவதில்லை. அழுத்தி அள்ளினால் ஒரு எடை, லேசாக அள்ளினால் ஒரு எடை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வாங்குங்கள். அளவை மருத்துவரிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடும் நாய், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த நாய் என்றால் கேட்காமல் தொடங்கவே கூடாது.

படி 5: கொடுப்பது

முதல் சில நாட்கள் கால் பங்கு அளவு மட்டும். மலம் இளகாமல், உடம்பில் அரிப்பு இல்லாமல் இருந்தால் மெல்லக் கூட்டுங்கள். கொதிக்கும் சோற்றில் கலக்க வேண்டாம், ஆறிய பிறகு கலந்தால் போதும். வலிமாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

படி 6: பலனை அளப்பது

நாய் நன்றாக நடக்க வேண்டும் என்ற ஆசையே நம் கண்ணுக்கு நன்றாக நடப்பதாகக் காட்டிவிடும். வெற்று மருந்து கொடுத்த ஆய்வுகளிலும் கணிசமான வீட்டுக்காரர்கள் முன்னேற்றம் தெரிவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் தூள் தொடங்குவதற்கு முன்பே வீடியோ எடுங்கள். அதே நேரம், அதே தரை, பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, படுத்த நிலையிலிருந்து எழுவது ஒன்று. வாரம் ஒருமுறை இதைத் தொடர்ந்து எடுங்கள். இடையில் டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரித்தாலோ, நடைநேரத்தை மாற்றினாலோ தேதியோடு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பாய் செய்த வேலைக்குத் தூள் பெயர் வாங்கிக்கொள்ளும்.

எட்டு வாரம் கழித்து, நாயைத் தெரியாத ஒருவரிடம் முதல் வீடியோவையும் கடைசி வீடியோவையும் தேதி சொல்லாமல் காட்டுங்கள். அவருக்கும் வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள். தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு, நாய்களுக்கான மீன் எண்ணெயைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முத்துவைத் தெரியாத ஒருவர் வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார், நாங்கள் தொடர்கிறோம்.

பிற்சேர்க்கை: வீட்டில் குழந்தைக்குச் சிப்பி, இறால் ஒவ்வாமை இருந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சிப்பித் தூளில் முழுச் சதையும் இருப்பதால் கவனம் தேவை. தூள் பறக்கும், நாய் அதே வாயால் குழந்தையை நக்கும். அப்படிப்பட்ட வீட்டில் இதைத் தவிர்த்துவிட்டு, ஒமேகா 3-க்கு வேறு வழியைக் குழந்தையின் மருத்துவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.