படர்தாமரையும் கடையில் வாங்கிய களிம்பும்

தொடை இடுக்கில் படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டதும் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்தினால் முன்பைவிட அகலமாகத் திரும்பியது. ஐந்து மாதத்தில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழுந்துவிட்டது.

தோல் மருத்துவர் டியூப்பைப் படித்துக் காட்டினார்: பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், மிக வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், தோலின் எதிர்ப்பையும் அடக்குவதால் பூஞ்சை தாராளமாகப் படரும். சீட்டில்லாமல் இதைக் கொடுத்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

களிம்பை நிறுத்திய முதல் வாரம் நரகம். பூஞ்சைக்கான இட்ராகொனசோல் மாத்திரை, ஸ்டீராய்டு இல்லாத களிம்பு, தினமும் துவைத்து வெயிலில் காய்ந்த உள்ளாடை. எட்டு வாரத்தில் ஆறியது. கோடுகள் போகவில்லை.

அம்மாவின் எக்ஸிமாவுக்கு, அதாவது பூஞ்சையால் வராத தோல் அழற்சிக்கு, அதே மருத்துவர் ஸ்டீராய்டுதான் எழுதினார்: விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு ஒரு விரல்நுனி நீளக் களிம்பு, பத்தே நாள். நன்றாகக் கேட்டது.