பின்லாந்துப் பள்ளிகளைப் பார்க்கப் போகும் ஆசிரியர்களுக்கு

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பின்லாந்து போக ஏற்ற மாதம் மே. இங்கே கோடை விடுமுறை, அங்கே மாதக் கடைசி வரை வகுப்பு நடக்கும். மே 1 விடுமுறை. ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள் வரும் வியாழனும் விடுமுறை. பல பள்ளிகள் மறுநாள் வெள்ளியையும் சேர்த்து விட்டுவிடும். கடைசி வாரம் சுற்றுலாவிலும் விழாவிலும் போய்விடும். ஆகவே அந்த வியாழன் எந்த வாரம் வருகிறது என்று பார்த்துக்கொண்டு, மே இரண்டாவது, மூன்றாவது வாரங்களைக் குறிவையுங்கள். அக்டோபர் நடுவிலும், பிப்ரவரி பிற்பாதி முதல் மார்ச் தொடக்கம் வரையிலும் வட்டாரத்துக்கு வட்டாரம் ஒரு வாரம் பள்ளி இருக்காது. அது தெரியாமல் டிக்கெட் எடுத்தால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் முதலில் துறையின் முன்அனுமதிக்கும் தடையின்மைச் சான்றுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கோப்பு நகர நாளாகும். பின்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக்கூடாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். கோடையில் விசா மையங்களில் கூட்டம் நெரியும் என்பதால் பிப்ரவரியிலேயே நேரம் பதிவு செய்துவிடுவது நல்லது.

அங்கே பெரும்பாலான பள்ளிகளை நடத்துவது நகராட்சி. எனவே கடிதம் போக வேண்டியது நகராட்சிக் கல்வி அலுவலகத்துக்கு. பல நகராட்சிகள் பார்வையாளர்களிடம் கட்டணம் வாங்குகின்றன, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழகங்களோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகளும் உண்டு, ஹெல்சிங்கியின் வீக்கி பயிற்சிப் பள்ளி போல. அங்கே வகுப்பெடுப்பவர்களில் பயிற்சி மாணவர்களும் இருப்பார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு ஊர்ப் பள்ளியெல்லாம் அப்படித்தான் என்று முடிவுகட்டக் கூடாது. பயிற்சிப் பள்ளியில் ஒரு நாள், சாதாரண நகராட்சிப் பள்ளியில் இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்தத் தேதி என்பதோடு ஒரே ஒரு கேள்வியையும் எழுதுங்கள். "உங்கள் கல்வி முறையை அறிய விரும்புகிறோம்" என்றால் திரையில் ஒரு மணி நேரம் படம் காட்டி அனுப்பிவிடுவார்கள். "இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்கு ஒரு வாரத்தில் என்னென்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், கற்றலில் தடுமாறும் குழந்தைகளுக்கு உதவும் சிறப்பாசிரியரோடு உட்கார வைப்பார்கள். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அந்தச் சிறப்பாசிரியரிடம்தான் இருக்கிறது. சில குழந்தைகளை வாரத்தில் சில மணி நேரம் சிறு குழுவாக அழைத்துப் போய்க் கற்பித்து, மறுபடி வகுப்பிலேயே விடுவார். 2025 ஆகஸ்டில் இந்த ஆதரவு முறையைச் சட்டம் மாற்றிவிட்டது. பழைய கட்டுரைகளில் வரும், பொது, தீவிர, சிறப்பு ஆதரவு என்ற மூன்றடுக்கு முறையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஒரு நாளில் நான்கு பள்ளி என்று திட்டம் போடுவதுதான் பெரிய தவறு. கட்டடமும் நாற்காலியும் மட்டுமே நினைவில் நிற்கும். ஒரே வகுப்போடு காலையிலிருந்து மணி அடிக்கும் வரை இருங்கள். ஒரு வகுப்பறைக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டே விஷயம் குறியுங்கள்: இப்போது யார் பேசுகிறார், குழந்தைகளின் கை என்ன செய்கிறது. நாள் முடிவில் அந்தத் தாளே பல கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

பாடவேளை 45 நிமிடம், அதன்பின் வழக்கமாக 15 நிமிட இடைவேளை. குளிரிலும் வெளியேதான். பனிக்காலத்தில் போகிறவர்கள் கதவருகே நின்று பாருங்கள்: ஏழு வயதுக் குழந்தை கனத்த மேலுடையைத் தானே மாட்டி, காலணிக்குள் காலைத் திணித்து, கையுறையின் இடம் வலம் பார்த்துப் போட்டுக்கொள்ளும். ஆசிரியர் பக்கத்திலேயே காத்திருப்பார், கை கொடுக்க அவசரப்படமாட்டார். தனியாகச் செய்யக் கற்பதும் அங்கே பாடம்தான்.

மதிய உணவைத் தவறவிடாதீர்கள். பதினொரு மணி வாக்கிலேயே தொடங்கிவிடும். 1948 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம். வரிசையின் தொடக்கத்தில் மாதிரித் தட்டு ஒன்று வைத்திருப்பது வழக்கம்: பாதி காய்கறி, கால் பங்கு உருளைக்கிழங்கோ சோறோ, கால் பங்கு மீன், இறைச்சி அல்லது பயறு. குழந்தைகளே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். நம் சத்துணவு, காலை உணவுத் திட்டங்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேசப் படங்களோடு தயாராகப் போங்கள். நாமும் கொண்டுபோய்க் கொடுக்க ஒன்று இருக்கிறது.

"பின்லாந்தில் தேர்வே இல்லை, வீட்டுப்பாடமே இல்லை" என்று இங்கே பரவியிருப்பது தவறு. வகுப்புத் தேர்வும் உண்டு, வீட்டுப்பாடமும் உண்டு, 4 முதல் 10 வரை மதிப்பெண்ணும் உண்டு. மேல்நிலைப் பள்ளி முடிவில் வரும் தேர்வுக்கு முன்னால் நாடு தழுவிய பொதுத்தேர்வு கிடையாது, அவ்வளவுதான். பாடங்களை ஒழித்துவிட்டார்கள் என்பதும் பொய். பல பாடங்களை இணைத்த ஒரு தொகுதியை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும் என்பதே விதி. பதினைந்து வயது மாணவர்களை நாடுவாரியாக ஒப்பிடும் பீசா தேர்வில், கணிதத்தில் 2006இல் 548 எடுத்த நாடு 2022இல் 484க்கு இறங்கியிருக்கிறது. "இப்போது உங்களுக்குக் கவலை தருவது எது?" என்று மரியாதையாகக் கேளுங்கள், மனம் திறந்து பேசுவார்கள். கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். பதிலுக்கு முன் சற்று மௌனம் வரும். அதை நாம் பேசி நிரப்பினால் பதில் போய்விடும்.

காலணியைக் கழற்றச் சொல்லும் பள்ளிகள் நிறைய; தடித்த காலுறை எடுத்துப் போங்கள். குழந்தைகளின் முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள், பெற்றோர் அனுமதி வேண்டும். கால அட்டவணை, சுவர், மாதிரித் தட்டு ஆகியவற்றை எடுக்கலாம், அதையும் கேட்டுவிட்டே.

குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதுங்கள். புரியாததை மறுநாள் காலை முதல் பாடவேளைக்கு முன் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். ஊர் திரும்பி மின்னஞ்சலில் கேட்கலாம் என்று விட்டுவைத்தால், ஜூன் தொடக்கத்தில் பள்ளி மூடிவிடும்; ஆகஸ்ட் நடுவில் திறக்கும்வரை பதில் வராது.